35 டிகிரிக்கு மேலே ஓர் ஊர்

புதிதாக ஒரு லேப்டாப் சந்தைக்கு வந்தால், அதைப் பற்றிய விமர்சன வீடியோக்களை எல்லாம் பார்த்து முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. வாங்கப் போகிறேனா என்றால், இல்லை. எந்த சிப், எத்தனை கோர், திரையின் வெளிச்சம் எத்தனை நிட்ஸ், எடை ஒரு கிலோவுக்குக் கீழே வந்துவிட்டதா என்பதெல்லாம் சும்மா தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச காலமாக அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது ஓர் எரிச்சல் சேர்ந்துகொண்டே வருகிறது. சோதிப்பவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூலையில் சின்ன எழுத்தில் 'அறை வெப்பநிலை 23 டிகிரி' என்று வருகிறது. நான் அதை சேலம் அம்மாப்பேட்டையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், பனியனோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் மாதத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு என் சுவர் தெர்மாமீட்டர் 35 காட்டும். பகலெல்லாம் குடித்த வெயிலை கான்கிரீட் கூரை அப்போதுதான் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்திருக்கும்.

எரிச்சல் வெறும் எரிச்சலாகவே இருந்திருக்கும், ஏற்காட்டில் ஒரு ராத்திரி அது நடந்திருக்காவிட்டால். என் மச்சினர் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கிறார். கோடை விடுமுறைக்கு அவர் குவார்ட்டர்ஸுக்குக் குடும்பத்தோடு போவது வழக்கம். சொந்தக்காரர்களின் பழைய கல்யாண கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுருக்கி, பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. ஒரு கேசட்டின் மூன்று மணி நேரப் படத்தைச் சுருக்க வைத்தால் லேப்டாப் மூச்சு வாங்கிக்கொண்டு வெகுநேரம் ஓடும். சேலத்தில் அந்த வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாகலூரில் அதே லேப்டாப், அதே மென்பொருள், அதே அளவு கேசட். ஐந்தில் ஒரு பங்கு நேரம் மிச்சம். முதலில் ஏதோ பாதியில் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன், பந்தி பரிமாறுவது வரை எல்லாம் இருந்தது. இன்னொன்றும் கவனித்தேன். ஃபேன் சத்தமே பெரிதாக இல்லை. சேலத்தில் அது போடும் இரைச்சலில் பக்கத்து அறையில் யாராவது தூங்கினால் எழுந்து வந்துவிடுவார்கள்.

வெளியே அப்போது 20 டிகிரி இருக்கும். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

இதில் மாயம் எதுவும் இல்லை, எட்டாம் வகுப்பு அறிவியல்தான். மேல்நிலைத் தொட்டிக்கும் குழாய்க்கும் உள்ள உயர வித்தியாசம்தானே தண்ணீரைத் தள்ளுகிறது, சூடும் அப்படித்தான் நகரும். சிப்புக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு வேகமாக சூடு வெளியேறும். இன்றைய லேப்டாப் ப்ராசஸர்கள் பல 100 டிகிரி வரை போக அனுமதிக்கப்பட்டவை. அந்த இடம் நெருங்கியதும் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். அறை 20 என்றால் இடையில் 80 டிகிரி இருக்கிறது. அறை 35 என்றால் 65தான். இது பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். அதுவும் மலையில் காற்றின் அடர்த்தி குறைவு. ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஃபேன் ஒரு சுற்றில் தள்ளும் காற்று அங்கே கொஞ்சம் லேசானது, அது அள்ளிப்போகும் சூடும் கொஞ்சம் குறைவு. ஆக மலை ஒரு கையால் கொடுத்ததில் கொஞ்சத்தை மறு கையால் எடுத்துக்கொள்கிறது. பிறகு எப்படி ஐந்தில் ஒரு பங்கு?

காரணம் சிப் இல்லை, மேல்மூடி. மெல்லிய லேப்டாப்புகளில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் சிப்பின் சூடு அல்ல, நம் கை படும் இடத்தின் சூடு. உள்ளே இருக்கும் சிப் 100 டிகிரி தாங்கும். நம் தொடையும் விரலும் தாங்காது. அதனால் வெளிப்புறம் 45, 48 என்று போகும்போதே உள்ளே வேகத்தைக் குறைக்கும்படி கம்பெனிகள் அமைத்து வைத்திருக்கின்றன. இப்போது கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். 48 என்ற எல்லைக்கும் ஏற்காட்டு 20க்கும் நடுவே 28 டிகிரி. சேலத்து 35க்கு 13தான். பாதிக்கும் கீழே. விமர்சகரின் ஸ்வெட்டர் அறையில் 25 டிகிரி இடம் இருந்த அதே இயந்திரம் என் அறைக்கு வரும்போது வேறு இயந்திரம் ஆகிவிடுகிறது. விலை மட்டும் மாறுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒரு வரி

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. நம் ஊர் சூடு அவர்களுக்குத் தெரியாமலா விற்கிறார்கள்? தெரிந்தேதான் என்பதைக் கண்டுபிடித்த இடம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

எந்த லேப்டாப்புக்கும் கம்பெனியின் தளத்தில் நீளமான விவரப் பட்டியல் ஒன்று இருக்கும். நாம் எல்லோரும் மேலே உள்ள சிப், ரேம், திரை, பேட்டரி வரை படிப்போம். நானும் அங்கேயே நிற்கிறவன்தான். ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த வாரம் ஒரு நாள் அந்தப் பட்டியலின் அடி வரைக்கும் போனேன். மேக்புக் பக்கத்தில் மின்சாரம் பற்றிய பகுதிக்குள் 'இயங்கும் வெப்பநிலை: 10 முதல் 35 டிகிரி' என்று இருந்தது. ஐபோனுக்கு 0 முதல் 35. ஆப்பிள் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் லேப்டாப் தயாரிக்கும் பெரிய கம்பெனிகளின் பட்டியல்களைப் புரட்டினால் பல இடங்களில் அதே 35தான். சில மாடல்களுக்கு 40 கொடுக்கிறார்கள்.

அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சேலத்தில் மார்ச் பாதியிலிருந்து ஜூன் ஆரம்பம் வரை மதிய வேளையில் 35க்குக் கீழே இருப்பதுதான் செய்தி. 2024 ஏப்ரலில் 40ஐத் தாண்டிய நாட்கள் வரிசையாக வந்தன, ஊரில் குகை என்ற பகுதியிலிருந்து கொண்டலாம்பட்டி வரை மதியம் தெருவில் ஆள் இல்லை. ஏசி இல்லாத ஒரு வீட்டில், கூரைக்கு அடியில் உள்ள அறையில், வருடத்தில் கால்வாசிக் காலம் நான் இந்த இயந்திரங்களை அவற்றைச் செய்தவர்களே 'இதற்கு மேல் வேண்டாம்' என்று சொன்ன எல்லைக்கு வெளியே வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். தறி வீட்டில் ஜக்கார்டு டிசைன் போடும் பையன், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு எடை போட்டுப் பில் அடிக்கும் பெண் என்று யாருக்கும் இந்த வரி தெரியாது. ஷோரூமில் சொல்வதும் இல்லை. ஷோரூமுக்குள் 22 டிகிரிதான் இருக்கும், அங்கே எல்லா லேப்டாப்பும் பறக்கும்.

பேட்டரி பற்றி ஆப்பிள் வேறு ஒரு பக்கத்தில் இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறது. உகந்த வெப்பநிலை 16 முதல் 22 டிகிரி, 35க்கு மேல் போனால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று. 16 முதல் 22! அது கலிஃபோர்னியாவாக இருக்கலாம், எனக்குத் தெரிந்து அது டிசம்பர் மாதப் பகல் நேரத்து ஏற்காடு. சேலத்துக்காரன் ஒருவன் தன் போனின் பேட்டரி நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தால் அடிவாரத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே குடியேற வேண்டும் போலிருக்கிறது. அங்கேயும் சும்மா விடாது. அங்கே சூடு இல்லை, ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும். மச்சினரின் கேமரா லென்ஸில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. அந்தப் பட்டியலில் ஈரப்பதத்துக்கும் ஒரு வரி உண்டு என்பதை அவரிடம் சொன்னேன், அவர் ரசிக்கவில்லை.

போனுக்கு ஃபேன் கூட இல்லை

லேப்டாப்புக்காவது உள்ளே ஒரு ஃபேன் சுற்றுகிறது. போன் தன் சூட்டை முழுக்கத் தன் தோல் வழியாகத்தான் விட வேண்டும், அந்தத் தோலை நாம் கையில் பிடித்திருக்கிறோம். சேலம் ஐந்து ரோட்டில் மே மாத மதியம் வண்டியை ஓரம் கட்டி, மேப் பார்க்க போனை எடுத்தால் திரை மங்கிவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். 3,000 நிட்ஸ் வெளிச்சம் என்று விளம்பரத்தில் வந்த திரைதான் அது. வெளிச்சமும் சூடுதான் என்பதால் போன் முதலில் கை வைப்பது அதில். அப்புறம் சார்ஜ் ஏறும் வேகம். அப்புறம் கேமரா.

இந்த நிலையில் போன் கம்பெனிகளின் சமீபத்திய ஆசை இன்னும் மெல்லியதாகச் செய்வது. 2025 மே மாதம் சாம்சங் 5.8 மில்லிமீட்டர் தடிமனில் எஸ்25 எட்ஜ் கொண்டுவந்தது. செப்டம்பரில் ஆப்பிள் 5.6 மில்லிமீட்டரில் ஐபோன் ஏர் கொண்டுவந்தது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மேடையில் ஆப்பிள் செய்த இன்னொரு காரியம் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது. 2023இல் ஐபோன் 15 ப்ரோவுக்கு டைட்டானியம் போட்டு, அதை விண்வெளிக்குப் போகும் உலோகம் என்றெல்லாம் புகழ்ந்தார்கள். டைட்டானியம் சூட்டைக் கடத்துவதில் மந்தம், அலுமினியம் அதைவிடப் பல மடங்கு மேல். 2025இல் 17 ப்ரோவில் சத்தமில்லாமல், சரி, கொஞ்சம் சத்தத்தோடுதான், அலுமினியத்துக்கே திரும்பி வந்துவிட்டார்கள். உள்ளே வேப்பர் சேம்பர் ஒன்றும் வைத்தார்கள். கொஞ்சம் நீர் அடைத்த தட்டையான உலோகக் கூடு அது. சூடான இடத்தில் நீர் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் மறுபடி நீராகி, சூட்டைப் பின்புறம் முழுக்கப் பரப்பிவிடும். ஆண்ட்ராய்டு போன்களில் இது பல வருடங்களாக இருக்கிறது. ஆசிய வெயிலில் விற்றுப் பழகிய கம்பெனிகள் இதை முன்பே செய்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

மெல்லிய போன் எனக்கு வேண்டாம் என்பது என் முடிவு. அண்ணன் மகன் சிரிக்கிறான். அவன் ஆபீஸில் ஏசி.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மாடி

சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சந்தில், குறுகலான படி ஏறிப் போனால் லேப்டாப் சர்வீஸ் செய்யும் தம்பி ஒருவர் இருக்கிறார். விமர்சன வீடியோக்கள் சொல்லாததை எல்லாம் நான் அவரிடம்தான் கற்றுக்கொள்கிறேன். "ஏப்ரல், மே வந்தாலே உப்பின பேட்டரியா வரும்ங்ணா, மூடியே மேல தூக்கிக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஒன்றைக் கழற்றிக் காட்டினார். பெரிய கம்பெனி லேப்டாப், வாங்கி மூன்று வருடம் ஆகவில்லையாம். வீட்டில் எப்போதும் சார்ஜரில் செருகியபடியே கிடந்தது. லித்தியம் பேட்டரிக்குப் பிடிக்காத இரண்டு விஷயங்கள் ஒன்று சூடு, இன்னொன்று முழு சார்ஜில் கிடப்பது. இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பேட்டரி பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு. முழு சார்ஜில் 25 டிகிரியில் ஒரு வருடம் வைத்தால் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும், 40 டிகிரியில் வைத்தால் 65க்கு. அதே 40 டிகிரியில் 40 சதவீத சார்ஜில் வைத்தால் 85 மிஞ்சும். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதியை இப்போது எல்லோரும் தர ஆரம்பித்திருப்பது இதனால்தான். புது போன், புது லேப்டாப் எது வாங்கினாலும் முதல் நாளே நான் போடும் செட்டிங் அது. என்னைக் கேட்டால் சேலத்தில் விற்கும்போதே கடைக்காரர் அதைப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அவர் காட்டிய இன்னொன்றை எந்த ஆய்வகத்திலும் பார்க்க முடியாது. அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓடும் வீடுகளிலிருந்து வரும் லேப்டாப்புகளைத் திறந்தால் ஃபேனுக்கும் சூட்டை வெளியே விடும் செம்பு இதழ்களுக்கும் நடுவே பஞ்சு பிடித்திருக்கும். தூசு என்றால் ஊதினால் பறக்கும், இது பறக்காது. நூல் பிசிறும் காற்றின் ஈரமும் சேர்ந்து ஒரு பட்டையாகவே படிந்திருக்கும். தம்பி இடுக்கியால் முழுசாக உரித்து எடுத்தார். ஃபேன் சுற்றுகிறது, சத்தம் வருகிறது, காற்று மட்டும் வெளியே போகவில்லை. வீட்டுக்காரர் 'லேப்டாப் பழசாயிடுச்சு, ஹேங் ஆகுது' என்று புதிது வாங்கக் கிளம்பியிருந்தாராம். பஞ்சை எடுத்து, சிப்பின் மேல் சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததைச் சுரண்டிப் புதுசு வைத்ததும் பழையபடி ஓடுகிறது. ஒவ்வொரு வருடமும் பங்குனி பிறக்கும் முன் இதைச் செய்துவிட்டால் கோடையைத் தள்ளிவிடலாம் என்பது அவர் கணக்கு.

அவர் கடையில் பில் போட வைத்திருப்பது 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த ஒன்று. யாரோ விற்றுவிட்டுப் போனது. செங்கல் தடிமன், பேட்டரி தனியாகக் கழலும், கீழே நாலு ஸ்க்ரூ எடுத்தால் ரேம். வேகம் கேட்காதீர்கள். ஆனால் அந்தத் தடிமனுக்குள் காற்றுக்கு இடம் இருக்கிறது, அவர் அறையிலும் ஏசி கிடையாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை வைத்துப் பழையதே நல்லது என்று சொல்லிவிடலாம் என்றுதான் கொஞ்ச நாள் எனக்குத் தோன்றியது. ஆனால் புது இயந்திரங்களின் எண்களைப் பார்த்தால் அப்படி முடிக்க முடியவில்லை. 2022இல் வந்த இன்டெல் ஐ7-12700ஹெச் சிப்பின் அடிப்படை மின்தேவை 45 வாட். உச்சத்தில் 115 வாட் வரை குடிக்கும். அந்த 115 சில நொடிகளுக்குத்தான். விமர்சன வீடியோக்களில் வரும் பளபளப்பான மதிப்பெண்கள் பலவும் அந்த நொடிகளில் எடுத்தவை. 2024 செப்டம்பரில் அதே இன்டெல் கொண்டுவந்த அல்ட்ரா 7 258வி-க்கு அடிப்படை 17 வாட், உச்சம் 37. கணக்குப் போடும் கோர்களின் எண்ணிக்கை குறைவு, வீடியோ சுருக்கும் என் மாதிரி வேலைக்கு அது தோற்கும். ஆனால் பிரவுசர், ஆபீஸ், நாலு வரி புரோகிராம் என்று ஒரு நாளின் வேலைக்கு அதுவே அதிகம். ஆப்பிள் 2020இல் எம்1 சிப்போடு மேக்புக் ஏரிலிருந்து ஃபேனையே எடுத்துவிட்டது. நீண்ட வேலை கொடுத்தால் அது வேகம் குறையும், ஃபேன் உள்ள மேக்புக் ப்ரோவுக்கும் அதற்கும் வித்தியாசம் அப்போதுதான் தெரியும். ஆனால் சாதாரண வேலைக்கு அது சூடே ஆவதில்லை. சூட்டை வெளியேற்றுவதைவிட உண்டாக்காமல் இருப்பது மேல், நம் ஊருக்கு இரட்டிப்பாக மேல். குளிர்நாட்டுக்காரருக்கு இந்தக் குறைந்த வாட் சிப்கள் பேட்டரி நேரம் பற்றிய விஷயம். எனக்கு அவை ஏப்ரல் பற்றிய விஷயம்.

2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் கோபைலட் பிளஸ் என்று ஒரு முத்திரையை அறிவித்து, ஏஐ வேலைக்கென்றே நொடிக்கு 40 லட்சம் கோடிக் கணக்குகள் போடும் தனிப் பகுதி சிப்பில் இருக்க வேண்டும் என்றது. அந்தப் பகுதியை நான் தெரிந்தே ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை. ஆனால் அந்த முத்திரைக்காகப் பல லேப்டாப்புகளில் சிக்கனமான சிப்பும் குறைந்தது 16 ஜிபி ரேமும் வந்து சேர்ந்தன. எதற்காகவோ போட்ட மழை, நம் வயலிலும் பெய்தது. இப்போது ரேம் விலை ஏறிக் கிடப்பதில் அந்த மழை எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை, அது வேறு புலம்பல்.

அக்கா மகள் வாங்கியது

இந்த வருடம் அக்கா மகள் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். லேப்டாப் எது வாங்குவது என்று குடும்பத்தில் யாருக்குக் கேள்வி வந்தாலும் என்னிடம்தான் வரும், என் நேரமும் அதற்குத்தான் இருக்கிறது. நான் மேலே சொன்னதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். 35 டிகிரி வரி, மேல்மூடியின் சூடு, தறிப் பஞ்சு, எல்லாம். தடிமனான, இரண்டு ஃபேன் உள்ள, கீழே பெரிய காற்றோட்டத் துளைகள் உள்ள ஒன்றைப் பரிந்துரைத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "மாமா, அது உங்க டேபிள்ல இருந்தா நல்லா இருக்கும். நான் ஹாஸ்டலுக்கும் காலேஜுக்கும் தூக்கிட்டு அலையணும். சார்ஜரே அரைக் கிலோ இருக்கு பாருங்க" என்றாள். நியாயம்தான், 2.4 கிலோ லேப்டாப்பை முதுகில் சுமக்கப்போவது நான் இல்லை.

கடைசியில் 17 வாட் சிப், ஒரே ஒரு சின்ன ஃபேன், 1.3 கிலோ எடையில் ஒன்றை அவளே தேர்ந்தெடுத்தாள். நான் 80 சதவீத செட்டிங்கைப் போடப் போனால் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தாள். போனில் ரொம்ப நாளாக அப்படித்தான் வைத்திருக்கிறாளாம். ஹாஸ்டல் அறையில் ஏசி கிடையாது, மூன்று பேருக்கு ஒரு சீலிங் ஃபேன். பெரிய வேலை ஓட வைக்கும்போது திணறாதா என்று போனில் கேட்டேன். "அதெல்லாம் லைப்ரரிலதான் மாமா, அங்க ஏசி இருக்கு" என்றாள். ஒரே சிக்கல், வகுப்பில் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டதாம். பிளக் பாயின்ட் பக்கத்து மேஜை வேண்டும் என்றால் காலையிலேயே போய் பையை வைத்துவிட்டு வர வேண்டியிருக்கிறதாம்.